உள்ளாட்சித் தேர்தல் வழக்கில் தீர்ப்பா? அது உங்கள் ஊரைக் கட்டுப்படுத்துமா என்று பார்ப்பது எப்படி

'உள்ளாட்சித் தேர்தல்: உச்ச நீதிமன்றம் அதிரடி' என்று டிவியில் ஓடியதும் டீக்கடையில் பாதிப் பேர் தேர்தல் நின்றுவிட்டது என்பார்கள், மீதிப் பேர் தேர்தல் நடக்கப்போகிறது என்பார்கள். 2019 டிசம்பர் 6 அன்று இரண்டு தரப்பும் சொன்னது சரி.

அன்று தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே தலைமையிலான மூவர் அமர்வு சொன்னது இது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி ஆகிய ஒன்பது மாவட்டங்களிலும் மாவட்டப் பிரிவினை அப்போதுதான் நடந்திருந்தது. அங்கெல்லாம் இப்போது ஊரகத் தேர்தல் வேண்டாம், வார்டு மறுவரையறை (வார்டு எல்லைகளைப் புதிதாக வரைவது) முதலான வேலைகளை நான்கு மாதத்தில் முடியுங்கள். மற்ற 27 மாவட்டங்களில் நடத்துங்கள். மறுநாளே மாநிலத் தேர்தல் ஆணையம் புதிய அறிவிப்பை வெளியிட்டது, அந்த மாதமே 27, 30 தேதிகளில் வாக்குப்பதிவு முடிந்தது. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாற்றுப் பக்கத்துக் கிராமத்துக்காரர் விரலில் மை வைத்துக்கொண்டார், கூப்பிடு தூரத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த அவருடைய சம்பந்தி வேடிக்கை பார்த்தார். இருவரையும் கட்டியது ஒரே தீர்ப்புதான்.

அந்தச் சம்பந்திக்கு ஓட்டுப் போடும் வாய்ப்பு எப்போது வந்தது தெரியுமா? 2021 அக்டோபரில். நீதிமன்றம் சொன்ன நான்கு மாதம் நடுவில் கொரோனாவும் வந்து இருபத்திரண்டு மாதமாக நீண்டது.

நான் வக்கீல் கிடையாது. ஊராட்சி விவகாரங்களுக்காக நீதிமன்ற உத்தரவுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவன், அவ்வளவுதான். "தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்தும்" என்று யாரும் சொல்லிவிடலாம். யாரை, எந்த வரி, எதுவரைக்கும் என்று பார்க்கத் தெரிந்தால்தான் அந்தக் காகிதத்தை வைத்து ஏதாவது செய்ய முடியும். அதை எப்படிப் பார்ப்பது என்று எனக்குப் பிடிபட்ட வரையில் எழுதுகிறேன்.

எந்த நீதிமன்றம் சொன்னது?

ஜெர்மனி, இந்தோனேசியா மாதிரி அரசியல் சாசன விவகாரங்களுக்கென்றே தனியாக ஒரு நீதிமன்றம் நம்மிடம் இல்லை. உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. உச்ச நீதிமன்றம் சட்டம் இதுதான் என்று சொல்லிவிட்டால் அரசியல் சாசனத்தின் 141ஆவது பிரிவின்படி அது நாட்டிலுள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அப்படியானால் கலெக்டரை, பி.டி.ஓ.வை (வட்டார வளர்ச்சி அலுவலர்), தேர்தல் ஆணையத்தை? அதற்கு 144ஆவது பிரிவு இருக்கிறது: அதிகாரிகள் அனைவரும் உச்ச நீதிமன்றத்துக்குத் துணையாக நடக்க வேண்டும். ஆபீஸில் "அது கோர்ட்டுக்குத்தான் சார், எங்களுக்குத் தனியாக ஜி.ஓ. வரணும்" என்று அரசாணையைக் காட்டி யாராவது சொன்னால் இந்த எண் ஞாபகம் இருக்கட்டும்.

உயர் நீதிமன்றம் என்றால் அதன் எல்லைக்குள் இருக்கும் அதிகாரிகளையும் கீழமை நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். சென்னை உயர் நீதிமன்றம், அதன் மதுரைக் கிளையையும் சேர்த்து, தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும். பம்பாய் உயர் நீதிமன்றமோ கேரள உயர் நீதிமன்றமோ சொன்னதை நம் ஊர் வழக்கில் எடுத்துக்காட்டலாம், நீதிபதி மதித்துப் பார்ப்பார், ஆனால் ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. வாட்ஸ்அப்பில் 'உயர் நீதிமன்றம் தீர்ப்பு' என்று மொட்டையாக வரும் செய்திகளில் பாதி வேறு மாநிலத்தினுடையது, எனவே முதலில் எந்த ஊர் உயர் நீதிமன்றம் என்று பாருங்கள்.

கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

செய்தித்தாளை நம்பி மனு எழுதாதீர்கள். தீர்ப்பின் நகலை எடுங்கள். வழக்கு எண்ணோ, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணோ இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்திலும் உயர் நீதிமன்றத் தளத்திலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றுக்கு அதன் தளத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கும். (மொழிபெயர்ப்பு புரிந்துகொள்ள மட்டும். அதிகாரியிடம் கொடுக்க ஆங்கில மூலம்தான் வேண்டும்.)

நகல் கைக்கு வந்ததும் கடைசி இரண்டு பக்கத்துக்குப் போங்கள். முதல் முப்பது பக்கமும் யார் என்ன வாதாடினார்கள் என்ற கதையாக இருக்கும். அதில் ஒரு தரப்பு வாதத்தை எடுத்து 'நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று போஸ்டர் அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உத்தரவு என்பது கடைசியில் வரும் சில பத்திகள்தான். அங்கே என்ன வினைச்சொல் இருக்கிறது என்று பாருங்கள், வழக்கின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

'ரத்து செய்யப்படுகிறது' என்றால் அந்த அறிவிப்பு போய்விட்டது. 'தடை விதிக்கப்படுகிறது' என்றால் போகவில்லை, உறைந்து நிற்கிறது. இந்த வித்தியாசம் சும்மா வார்த்தை விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் அப்படி இல்லை. சென்னையிலிருந்த சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றமே இதை விளக்கியிருக்கிறது: ரத்து செய்தால் அந்த உத்தரவு பிறப்பதற்கு முன்பிருந்த நிலை திரும்பிவிடும், தடை மட்டும் போட்டால் உத்தரவு செயல்படாமல் இருக்குமே தவிர இல்லாமல் போய்விடாது. எனவே வேட்புமனு அறிவிப்புக்கு ஸ்டே, அதாவது தடை, வந்தால், ஸ்டே விலகியதும் அதே அறிவிப்பு எழுந்து உட்காரலாம். ரத்தானால் ஆணையம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

'இந்த வழக்கின் இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டது' என்றால் தேர்தல் நடக்கும், ஜெயித்தவர் நாற்காலியில் உட்காரவும் செய்வார், ஆனால் தலைக்கு மேல் கத்தி தொங்கும். 2025இல் மகாராஷ்டிராவில் இடஒதுக்கீடு 50 விழுக்காட்டைத் தாண்டிய நகராட்சிகளில் தேர்தலை நிறுத்தாமல், முடிவுகள் வழக்கின் தீர்ப்புக்கு உட்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் விட்டது இந்த வகை.

அப்புறம் ஒரு வினைச்சொல் இருக்கிறது, 'பரிசீலிக்க வேண்டும்'. எங்கள் ஊராட்சியில் வார்டு பிரித்தபோது ஒரே தெருவை நடுவில் வெட்டி இரண்டு வார்டில் போட்டார்கள். ஆட்சேபம் கொடுத்தோம், பதில் இல்லை, ரிட் (அதிகாரிகளுக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போட்டோம். நான்கு வாரத்துக்குள் மனுவைப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊரில் வெடி வெடித்தார்கள். நானும் லட்டு வாங்கித் தின்றேன். இருபத்தேழாம் நாள் ஒரு காகிதம் வந்தது: 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை.' உத்தரவை அவர்கள் மீறவில்லை, அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருந்தார்கள்! நீதிமன்றம் அவர்களைக் கட்டியது பரிசீலிப்பதற்கு மட்டும்தான், எங்களுக்குச் சாதகமாக முடிவெடுப்பதற்கு அல்ல. அதற்குப் பிறகு எந்த உத்தரவைப் பார்த்தாலும் முதலில் அந்தச் சொல்லைத்தான் தேடுகிறேன். உங்கள் வக்கீல் 'டிஸ்போஸ்டு (வழக்கு முடித்துவைக்கப்பட்டது), நமக்குச் சாதகம்' என்று போனில் சொன்னால், சாதகம் என்றால் என்ன என்று தயங்காமல் திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு (மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கும் மனு) ஒரே வரியில் தள்ளுபடியானால், 'உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது' என்று செய்தி வரும். சரியாகப் பார்த்தால் அப்படி இல்லை. காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்தால் உச்ச நீதிமன்றம் எந்தச் சட்டத்தையும் சொன்னதாக ஆகாது என்று 2000இல் குன்ஹயம்மது வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதன் சொந்த பலத்தில் நிற்கும், அவ்வளவுதான்.

கட்டுப்படுத்தும், ஆனால் பொருந்துமா?

இதுதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம். ஒரு தீர்ப்பில் எல்லா வரிக்கும் ஒரே எடை கிடையாது. வழக்கைத் தீர்க்கத் தேவைப்பட்ட காரணம்தான் அடுத்த வழக்கையும் கட்டும். போகிறபோக்கில் நீதிபதி வருத்தப்பட்டோ கோபப்பட்டோ சொன்னது கட்டாது. விசாரணையின்போது வாய்மொழியாகச் சொல்வது எதையுமே கட்டாது, ஆனால் தலைப்புச் செய்தியாவது பெரும்பாலும் அதுதான்.

ஓபிசி, அதாவது இதர பிற்படுத்தப்பட்டோர், இடஒதுக்கீடு வழக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் கே. கிருஷ்ணமூர்த்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, உள்ளாட்சிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்கலாம், ஆனால் அவர்களின் நிலை பற்றித் தரவு சேகரித்துத்தான் செய்ய வேண்டும் என்றார்கள். 2021 மார்ச்சில் விகாஸ் கிஷன்ராவ் கவளி வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை எடுத்து மூன்று நிபந்தனையாகக் கோத்தார்கள். இதற்கென்று தனி ஆணையம் வைத்து ஆராய வேண்டும், ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் எவ்வளவு என்று விகிதம் சொல்ல வேண்டும், எஸ்சி, எஸ்டி, ஓபிசி எல்லாம் சேர்ந்து 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வழக்கு மகாராஷ்டிராவின் மாவட்டப் பரிஷத்துகளை (நம் மாவட்ட ஊராட்சி மாதிரி) பற்றியது. அப்படியானால் மத்தியப் பிரதேசத்துக்கு என்ன? 2022 மே மாதம் சுரேஷ் மகாஜன் வழக்கில் அதற்கும் பதில் வந்தது: இது எல்லா மாநிலங்களுக்கும்தான், மூன்று நிபந்தனையும் முடியாவிட்டால் அந்த இடங்களைப் பொது இடமாக வைத்துத் தேர்தலை நடத்துங்கள், நிபந்தனையைக் காட்டித் தேர்தலைத் தள்ளாதீர்கள். (எட்டே நாளில் மத்தியப் பிரதேச அரசு ஆணைய அறிக்கையோடு வந்து நின்றதும் ஓபிசி ஒதுக்கீட்டோடு நடத்திக்கொள்ள அதே நீதிமன்றம் அனுமதித்தது என்பது வேறு கதை. ஆகவே எந்த உத்தரவைக் கையில் எடுத்தாலும் அதற்குப் பிறகு அதே வழக்கில் என்ன வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

இப்போது தமிழ்நாட்டுக்கு வாருங்கள். 'எல்லா மாநிலங்களுக்கும்' என்று தீர்ப்பில் இருக்கிறது, எனவே நம் ஊராட்சித் தேர்தலை இந்த மூன்று நிபந்தனையைச் சொல்லி நிறுத்த முடியுமா? நம் உள்ளாட்சிகளில் ஒதுக்கீடு எஸ்சி, எஸ்டி, பெண்கள் ஆகியோருக்குத்தான், பெண்களுக்கு 2016 முதல் 50 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோருக்கு என்று தனி ஒதுக்கீடு இல்லை. இல்லாத ஒதுக்கீட்டுக்கு நிபந்தனை எப்படிப் பொருந்தும்? தீர்ப்பு தமிழ்நாட்டையும் கட்டுப்படுத்துகிறது, நாளைக்கு அரசு அப்படி ஒரு ஒதுக்கீடு கொண்டுவந்தால் மூன்றையும் செய்தாக வேண்டும், ஆனால் இன்றைய உங்கள் மனுவுக்கு அது பயன்படாது.

இதற்கு நேர்மாறான உதாரணம் கோவா. 2021 மார்ச்சில் ஃபவுசியா இம்தியாஸ் ஷேக் வழக்கு. மட்காவ், மாபுசா முதலான ஐந்து நகராட்சிகளில் பெண்களுக்கான வார்டு ஒதுக்கீட்டில் கோளாறு என்று வழக்கு. அந்த வார்டுகளைப் பற்றிச் சொன்னது நமக்கு எட்டாத விஷயம். ஆனால் அங்கே மாநிலத் தேர்தல் ஆணையர் யார் என்று பார்த்தால், அரசின் சட்டத்துறைச் செயலர்தான் கூடுதல் பொறுப்பாக அந்த நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார். நீதிபதி நாரிமன் அமர்வு அதைப் பார்த்துவிட்டு, எந்த மாநிலத்திலும் அரசுப் பணியில் இருப்பவர் தேர்தல் ஆணையராக இருக்கக் கூடாது என்று 142 (முழு நீதி கிடைக்க வேண்டிய உத்தரவைப் போடும் அதிகாரம்), 144 பிரிவுகளைச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஒரே தீர்ப்பில் பாதி கோவாவுக்கு, பாதி நாடு முழுவதற்கும். எது யாருக்கு என்று பேனாவால் கோடு போட்டுக்கொண்டே படியுங்கள்.

நீதிபதிகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். இருவர் சொன்னதும் ஐவர் சொன்னதும் மோதினால் ஐவர் சொன்னதுதான் நிற்கும், எது பிந்தி வந்தது என்பது பொருட்டல்ல. அந்த வகையில் உள்ளாட்சிக்காரர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஐவர் தீர்ப்பு ஒன்று உண்டு: கிஷன்சிங் தோமர் வழக்கு, 2006. அகமதாபாத் மாநகராட்சிக்குப் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை என்று வந்த வழக்கு. அரசியல் சாசனம் ஊராட்சிக்கு 243இ பிரிவிலும் நகராட்சிக்கு 243யு பிரிவிலும் முதல் கூட்டத்திலிருந்து ஐந்து வருடம், அதற்கு மேல் இல்லை என்கிறது. அது முடிவதற்குள் அடுத்த தேர்தலையும் முடித்துவிட வேண்டும். இயற்கைப் பேரிடர், கலவரம் போன்ற தவிர்க்க முடியாத நிலை தவிர வேறு சாக்கு கிடையாது, மாநில அரசு ஒத்துழைக்காவிட்டால் தேர்தல் ஆணையமே நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அந்த அமர்வு சொன்னது. இத்தனை தெளிவாகச் சொல்லியும் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் அந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது, தேர்தல் வரவில்லை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக நிர்வாகம் பார்க்கத் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

எப்போது போக வேண்டும்

நாமக்கல்லைச் சொல்லாமல் இந்தப் பகுதியை எழுத முடியாது. 1952இல் முதல் பொதுத்தேர்தல். சென்னை மாநிலச் சட்டசபைக்கு நாமக்கல் தொகுதியில் நின்ற என்.பி. பொன்னுசாமியின் வேட்புமனுவைத் தள்ளிவிட்டார்கள். உடனே உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார், அங்கிருந்து உச்ச நீதிமன்றம். கிடைத்த பதில்: தேர்தல் தொடங்கிவிட்டால் நடுவில் நீதிமன்றம் கை வைக்காது, எல்லாம் முடிந்த பிறகு தேர்தல் மனு (முடிவை எதிர்க்கும் வழக்கு) போடுங்கள். அது சட்டசபைக்கான 329ஆவது பிரிவு. அதே வாசகத்தைத்தான் 1993இல் உள்ளாட்சிகளுக்கு 243ஓ, 243இசட்.ஜி. என்று கொண்டுவந்து வைத்தார்கள். வார்டு மறுவரையறைச் சட்டத்தின் செல்லுபடியையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது.

நடைமுறையில் இதற்குப் பொருள், நியாயம் எவ்வளவு உங்கள் பக்கம் இருந்தாலும் தேதி தவறினால் போச்சு. வாக்காளர் பட்டியல், வார்டு எல்லை, சுழற்சி ஒதுக்கீடு என்று எந்தக் குறை இருந்தாலும் வரைவு வெளியானவுடன் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், பதில் வராவிட்டால் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே ரிட் போடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு முடிவு வெளியாகும் வரை நீதிமன்றங்கள் பொதுவாக ஒதுங்கியே நிற்கும், தேர்தல் ஒழுங்காக நடக்க உதவும் உத்தரவு என்றால் மட்டும் போடும். கோவா வழக்கில் உயர் நீதிமன்றம் தலையிட்டது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, மனுக்கள் அறிவிப்புக்கு முன்பே நீதிமன்றத்தில் இருந்தன என்பதைக் கவனியுங்கள். வேட்புமனு தள்ளுபடி, ஓட்டு எண்ணிக்கையில் தகராறு என்றால் நேராகத் தேர்தல் மனு. ஊராட்சித் தேர்தல் என்றால் மாவட்ட நீதிபதியிடம். அதற்கான கெடு மிகக் குறைவு, முடிவு வந்த வாரமே வக்கீலைப் பார்த்துவிடுங்கள், "பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்றால் கெடு போய்விடும்.

சொன்னதைக் கேட்காவிட்டால்?

2016 கதையைப் பாருங்கள். அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்தார்கள். பழங்குடியினர் ஒதுக்கீடு முதலான குறைகளைச் சொல்லி திமுக தரப்பில் வழக்கு. அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன் அறிவிப்பை ரத்து செய்தார், டிசம்பர் 31க்குள் முறையாக நடத்துங்கள் என்றார். நடக்கவில்லை. 2017 செப்டம்பர் 4 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி அமர்வு, 18ஆம் தேதிக்குள் அறிவிப்பு, நவம்பர் 17க்குள் தேர்தல் என்று தேதி குறித்துக் கொடுத்தது. அதுவும் நடக்கவில்லை, நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. கடைசியில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று. தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்கள் எல்லோரும் கட்டுப்பட்டவர்களாகவேதான் இருந்தார்கள், ஒவ்வொரு கெடுவுக்கும் ஒரு மேல்முறையீடோ, மறுவரையறையோ, அவகாச மனுவோ கையில் இருந்தது. எனக்கு இதில் ஆணையத்தைவிட அரசுகள் மீதுதான் கோபம், இரண்டு கட்சி ஆட்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புதுச்சேரி இன்னும் மோசம். 1968க்குப் பிறகு 2006இல்தான் அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, முப்பத்தெட்டு வருட இடைவெளி. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் நடத்தச் சொன்னது. 2021இல் தேதி அறிவித்து, அதுவும் நின்றுபோனது.

அரசு சட்டத்தையே மாற்றினால்? தீர்ப்பு செல்லாது என்று சட்டசபை நேரடியாகச் சட்டம் போட முடியாது. காவிரியில் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவைச் செல்லாக்காசாக்க 1991இல் கர்நாடகம் ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்ததும் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்ததும் நமக்கு மறக்காது. ஆனால் தீர்ப்பு எந்தக் குறையின் மேல் நிற்கிறதோ அந்தக் குறையைச் சட்டத்திருத்தத்தால் சரிசெய்தால் அது செல்லும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது, அதில் நாகாலாந்து சர்க்கஸ் செய்து பார்த்தது. நகர்மன்றங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுக்க எதிர்ப்பு, அதனால் 2004க்குப் பிறகு தேர்தலே இல்லை. உச்ச நீதிமன்றம் நெருக்கியதும் 2023 மே 16 என்று தேதி வைத்தார்கள். வைத்த பிறகு மார்ச் மாதக் கடைசியில் சட்டசபை நகராட்சிச் சட்டத்தையே ரத்து செய்தது, ஆணையமும் தேர்தலைக் கைவிட்டது! ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கைவிடலுக்குத் தடை விதித்தது. அந்த நவம்பரில் பெண்கள் ஒதுக்கீட்டோடு புதுச் சட்டம், 2024 ஜூன் 26 அன்று தேர்தல். இருபது வருடம் கழித்து.

ஆக, கையில் தீர்ப்பு இருக்கிறது, ஆபீஸ் அசையவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத மனு. வழக்கு எண், தேதி, உங்களுக்குப் பொருந்தும் பத்தியின் எண், அந்தப் பத்தியின் வாசகம் அப்படியே, அதன்படி இவர்கள் எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும், அவ்வளவு போதும். நீதி, தர்மம், வள்ளுவர் எல்லாம் வேண்டாம், படிக்கிறவர் அந்த இடத்தோடு காகிதத்தை மடித்துவிடுவார். மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு ஒன்று, மாவட்டத் தேர்தல் அலுவலர் என்ற முறையில் கலெக்டருக்கு ஒன்று, துறைச் செயலருக்கு ஒன்று, மூன்றும் கிடைத்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில். தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணையுங்கள், இணையத்தில் எடுத்ததைப் பார்த்துவிட்டு ஒதுக்கிவைக்க அவர்களுக்குச் சாக்கு கிடைக்கக் கூடாது.

பதில் வராவிட்டால் இரண்டு வழி. நீங்களே மனுதாரராக இருந்த வழக்கில் தெளிவான கெடுவோடு உத்தரவு இருந்தால் அவமதிப்பு மனு. உத்தரவை மீறிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், அது தாண்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தண்டனை என்று பார்த்தால் ஆறு மாதம் வரை வெறுங்காவல் அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், ஆனால் அது வரைக்கும் போவது அபூர்வம். அதிகாரி நேரில் ஆஜராக வேண்டும் என்று நீதிபதி சொன்ன மறுநாளே ஃபைல் ஓடும், அதுதான் அதன் உண்மையான பயன். மீறல் வேண்டுமென்றே நடந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும், அதற்குத்தான் அந்த ஒப்புகைகள். வேறு யாரோ போட்ட வழக்கில் வந்த தீர்ப்பை உங்கள் ஊருக்கும் பொருத்தச் சொல்கிறீர்கள் என்றால் அவமதிப்புக்கு ஓடாதீர்கள், அது நிற்காது. அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் காட்டிப் புதிய ரிட் போடுங்கள், அதில் மாநிலத் தேர்தல் ஆணையத்தைக் கட்டாயம் எதிர்மனுதாரராகச் சேருங்கள். எங்கள் முதல் மனுவில் கலெக்டரையும் பி.டி.ஓ.வையும் சேர்த்துவிட்டு ஆணையத்தை விட்டுவிட்டோம், அதைச் சரிசெய்யவே மூன்று வாய்தா போனது.

வழக்கு உயிரோடு இருக்கும் வரை வாரம் ஒருமுறை அதன் எண்ணைத் தட்டிப் பாருங்கள். கெடு முடிவதற்கு நாலைந்து நாள் முன்னால் அரசுத் தரப்பில் அவகாசம் கேட்டு ஒரு மனு உள்ளே வரும். மகாராஷ்டிரா வழக்கில் 2025 மே மாதம் நான்கு மாதத்தில் தேர்தலை முடிக்கச் சொன்ன நீதிமன்றமே செப்டம்பரில் 2026 ஜனவரி 31 வரை நீட்டித்துக் கொடுத்தது. அந்த மனு பட்டியலுக்கு வரும் நாளில் உங்கள் வக்கீல் அங்கே எழுந்து நிற்கிறாரா என்று முதல் நாள் இரவே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.